ஆட்கள் மாறினாலும் அமர்வு கலையாத நீதிமன்றம்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1984 ஜனவரி 4 அன்று தொடங்கி, 1992 மே மாதம் வரை ஒன்பது சீசன்களாக, 193 அத்தியாயங்கள் ஓடிய 'நைட் கோர்ட்' தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், அதைப் பார்த்தவர்கள் அனைவரும் ஆறு பேரைத்தான் நினைவுகூர்வார்கள். நீதிபதி ஹாரி ஸ்டோன், அரசுத் தரப்பு வழக்கறிஞர் டான் ஃபீல்டிங், எதிர்த்தரப்பில் கிறிஸ்டீன் சலிவன், பெஞ்ச் கிளார்க் மேக், நீதிமன்றக் காவலர்கள் புல், ராஸ் ஆகிய அந்த ஆறு பேரும் ஒரே மண்டபத்தில் ஒன்றாக நின்றது நான்காவது சீசனில்தான், அதாவது 1986ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில்தான். அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டுகளில் அந்த மண்டபத்துக்குள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள்; இரண்டு பேர் இறந்தும் போனார்கள். இவ்வளவு ஆட்டம் கண்ட எந்தத் தொடரும் இரண்டாவது ஆண்டிலேயே படுத்துவிடும். இது படுக்கவில்லை என்பதோடு, ஒவ்வொரு இழப்பிலிருந்தும் இன்னும் மனிதத்தன்மை கூடிய தொடராக எழுந்து வந்தது என்பதே என் எண்ணம்.

முதலில் களத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தொடரின் பலத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. நியூயார்க் நகரில் இரவு நீதிமன்றம் என்பது எழுத்தாளரின் கற்பனை கிடையாது. 1907ஆம் ஆண்டிலேயே கிரீனிச் வில்லேஜ் பகுதியின் ஜெஃபர்சன் மார்க்கெட் நீதிமன்றக் கட்டடத்தில் அது தொடங்கிவிட்டது. இன்றைக்கும் மன்ஹாட்டனில் சென்டர் தெரு 100ஆம் எண் கட்டடத்தில் மாலை ஐந்து மணி தொடங்கி நள்ளிரவு ஒரு மணிவரை அமர்வு நடக்கிறது; பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதால் சுற்றுலாப் பயணிகள்கூடப் போய்வருகிறார்கள். அங்கே நடப்பது முழு விசாரணை அன்று. கைதானவரை முதன்முறையாக நீதிபதி முன் ஆஜர்படுத்துகிறார்கள்; குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது; ஜாமீன் தருவதா, தந்தால் எவ்வளவு என்று முடிவாகிறது. சில்லறைக் குற்றமாக இருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்வதும் தண்டனை பெறுவதும் வீட்டுக்குப் போவதும் அதே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நகைச்சுவைத் தொடர் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வாய்க்காது. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு புதிய மனிதர் உள்ளே வருகிறார். அவர் ஏன் பிடிபட்டார் என்பதை யாராவது உரக்கப் படித்துக் காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டத்தின் நடைமுறையாகவே இருக்கிறது. கதையை அறிமுகப்படுத்துவதற்கு வேறு உத்தி எதுவும் தேவையில்லை. இரண்டு நிமிடங்களுக்குள் அந்த மனிதரின் கிறுக்கும் வெளிப்பட வேண்டும், அதற்குள்ளிருக்கும் துயரமும் எட்டிப்பார்க்க வேண்டும். ஹாரி ஸ்டோன் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வரும் தீர்ப்பு ஒன்று உண்டு: ஐம்பது டாலர் அபராதம், இதுவரை காவலில் இருந்த நேரமே தண்டனை. பெரிய நீதி எதையும் நிலைநாட்டாத தீர்ப்புதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த நீதிபதி எதிரில் நிற்பவர் சொல்வதை முழுவதுமாகக் கேட்டிருப்பார்.

தொடரை உருவாக்கிய ரைன்ஹோல்ட் வீஜ், அதற்கு முன் 'பார்னி மில்லர்' என்ற தொடரில் எழுத்தாளராக வேலை பார்த்தவர். 1975 முதல் 1982 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய அது, கிரீனிச் வில்லேஜின் ஒரு காவல் நிலையத்தை, பெரும்பாலும் ஒரே அறைக்குள் வைத்துக் காட்டியது. பிடிபட்டவர்கள் வரிசையாக வருவது, களைத்துப்போன அலுவலர்கள் அவர்களைச் சமாளிப்பது என்ற அச்சு அங்கே உருவானதுதான். அந்தக் காவல் நிலையத்திலிருந்து வெளியே கொண்டுபோகப்படும் கைதியைத் தொடர்ந்து போனால் வீஜின் நீதிமன்றத்துக்குத்தான் வந்து சேர்வோம் என்று சொன்னால் மிகையாகாது. இரண்டுக்கும் இசைக் குறிப்பு எழுதியவரும் ஒருவரே: ஜாக் எலியட். (பார்னி மில்லருக்கு ஆலின் ஃபெர்குசனோடு சேர்ந்து எழுதினார்.) இரண்டிலும் பேஸ் கிட்டார்தான் முன்னால் நடக்கும்; 'நைட் கோர்ட்' இசையில் அதோடு சாக்ஸஃபோனும் சேர்ந்து, இரவில் கண்விழிக்கும் பெருநகரத்தின் சோம்பலையும் துடுக்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

ஆயினும் இரண்டு தொடர்களுக்கும் குணம் வேறு. பார்னி மில்லரின் படப்பிடிப்பு விடிய விடிய நீண்டதில், ஒரு கட்டத்தில் அரங்கப் பார்வையாளர்களை வைத்துக்கொள்வதையே அவர்கள் கைவிட்டார்கள். அதனால் அதன் சிரிப்பு அடக்கமானது, முணுமுணுப்பாக வருவது. வீஜ் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் ஸ்டுடியோவில், பார்வையாளர்கள் எதிரில் உட்கார்ந்திருக்க, பல கேமராக்களை வைத்து வீடியோ நாடாவில் பதிவு செய்தார். எதிரில் ஆட்கள் சிரிக்கும்போது நடிகரின் உடலே வேறு விதமாக இயங்கத் தொடங்கும். கதவில் மோதுவது, மேசைமேல் விழுவது, நீதிபதி இழுப்பறையைத் திறந்தால் ஸ்பிரிங் பாம்பு பாய்வது எல்லாம் அந்தச் சிரிப்பை நம்பி வளர்ந்தவை. தொடரின் முதல் ஆண்டையும் ஐந்தாம் ஆண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு யதார்த்த நாடகம் படிப்படியாகக் கேலிச்சித்திரத்தின் பக்கம் நகர்வது நன்றாகத் தெரியும்.

நீதிபதியாக வந்த ஹாரி ஆண்டர்சன் நடிப்புப் பள்ளியிலிருந்து வந்தவர் அல்லர். சான் பிரான்சிஸ்கோ வீதிகளில் பந்தையும் கிண்ணத்தையும் வைத்து வித்தை காட்டிப் பிழைத்தவர்; 'சாட்டர்டே நைட் லைவ்' மேடையில் மந்திரவாதியாகவும், 'சியர்ஸ்' தொடரில் ஹாரி தி ஹாட் என்ற எத்தனாகவும் தோன்றிப் பெயர் வாங்கியவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 31. அவ்வளவு இளைஞர் எப்படி நீதிபதியானார் என்பதற்கு முதல் அத்தியாயம் ஒரு காரணம் சொல்கிறது: பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த மேயர், காலியிடங்களை அவசரமாக நிரப்புகிறார், பட்டியலில் கடைசியில் இருந்த ஹாரி ஸ்டோன் மட்டுமே அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து தொலைபேசியை எடுக்கிறார். தகுதியைவிடத் தற்செயலால் நாற்காலிக்கு வந்தவர் என்பதாலேயே அவர் அந்த நாற்காலியை யாரையும் மிரட்டுவதற்குப் பயன்படுத்துவதில்லை. கறுப்பு அங்கிக்குள் ஜீன்ஸ், சேம்பர் சுவரில் பழைய ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோவின் படம், பாடகர் மெல் டோர்மே மீது தீராத பக்தி என்று அவருடைய உலகம் 1940களிலேயே நின்றுவிட்டிருக்கும். மெல் டோர்மே உண்மையிலேயே தொடரில் வந்து தோன்றியபோது ஆண்டர்சனின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி நடிப்பைப் போல இல்லை.

ஆண்டர்சனின் நடிப்பு குறைவாகவே மதிப்பிடப்பட்டது என்பது என் மனத்தாங்கல். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய கைகளைக் கவனித்துப் பாருங்கள். வித்தைக்காரரின் கைகள் ஒருபோதும் அவசரப்படுவதில்லை; எதிரில் இருப்பவரின் கண்ணை விட்டு அவர் கண் நகர்வதில்லை. கோபத்தோடு வந்து நிற்கும் ஒருவரிடம் ஒரு சீட்டுக்கட்டை நீட்டி, 'ஒன்றை எடுங்கள்' என்பதுபோல அவர் பார்க்கும் பார்வை ஒரு தொழில்முறைத் திறன். வீதியில் நிற்காமல் போகிறவரை நிறுத்திவைக்கப் பழகியவரிடம் மட்டுமே இருப்பது. நீதிபதி என்பவர் கவனிக்கத் தெரிந்தவர் என்பதை அவர் வசனத்தால் சொல்லாமல் உடலாலேயே காட்டினார்.

எதிர்த்தரப்பு மேசைதான் மிகவும் ஆட்டம் கண்டது. பணம் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முடியாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் அந்தப் பொறுப்பில், முதல் அத்தியாயத்தில் கெயில் ஸ்ட்ரிக்லேண்ட் வந்தார். முதல் சீசனின் எஞ்சிய பகுதியில் பவுலா கெல்லி, லிஸ் வில்லியம்ஸ் என்ற பாத்திரத்தில் நடித்தார். நடனக் கலைஞராகப் புகழ்பெற்றிருந்த கெல்லி, அந்தக் குறுகிய காலத்திலேயே எம்மி பரிந்துரை பெற்றார். ஆனாலும் இரண்டாம் சீசனில் அவர் இல்லை. அடுத்து வந்தவர் எலன் ஃபோலி, ராக் பாடகர் மீட் லோஃபின் 1977 இசைத்தட்டில் அவரோடு சேர்ந்து பாடி அறியப்பட்டவர். பில்லி யங் என்ற பாத்திரம் ஒரே ஆண்டில் முடிந்தது. வீஜ் தேடிய ஆள் இரண்டாம் சீசனின் தொடக்கத்திலேயே ஒரு விருந்தினராக வந்து போயிருந்தார். மார்க்கி போஸ்ட்தான் அவர்; ஏபிசியின் 'தி ஃபால் கை' தொடரில் ஒப்பந்தத்தில் இருந்ததால் அவரால் உடனே வர முடியவில்லை. மூன்றாம் சீசனில், 1985இல், கிறிஸ்டீன் சலிவனாக நிரந்தரமாக வந்த பிறகு அந்த நாற்காலி கடைசிவரை அவருடையதாகவே இருந்தது. கிறிஸ்டீனின் வெள்ளந்தித்தனத்தைப் பரிகசிப்பதற்கான பொருளாக மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கட்சிக்காரருக்காகக் குரலை உயர்த்தும் கணத்தில் போஸ்டின் கண்களில் ஒரு பிடிவாதம் வந்து உட்காரும். அதற்கு முன்னால் டான் ஃபீல்டிங்கின் சாமர்த்தியம் எல்லாம் சட்டென்று சிறுத்துப்போகும்.

பெஞ்ச் கிளார்க் நாற்காலியும் அப்படித்தான். முதல் சீசனில் கேரன் ஆஸ்டின் நடித்த லானா, நீதிபதிக்கு ஒரு காதல் துணையாக வளரக்கூடிய பாத்திரமாகவே வைக்கப்பட்டிருந்தார். அவர் விலகிய பின், இரண்டாம் சீசனில் சார்லஸ் ராபின்சன் மேக் ராபின்சனாக வந்தார். காதலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நட்பு வந்து அமர்ந்தது தொடருக்கு நேர்ந்த பெரிய நன்மை. கம்பளிச் சட்டையும் டையும் அணிந்து, கோப்புகளை அடுக்கியபடி, சுற்றிலும் நடக்கும் கூத்தை ஒரு பார்வையால் அளந்துவிடும் மேக், வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர். டெனிஸ் குமாகாய் நடித்த குவான் லே என்ற வியட்நாமியப் பெண்ணை அவர் மணக்கிறார். கறுப்பினத்தவர் ஒருவரும் வியட்நாமிய அகதி ஒருவரும் இணைந்த குடும்பத்தை, அதை ஒரு பிரச்சினையாக ஆக்காமல், இயல்பான இல்லறமாக 1980களின் அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியது என்பதை இன்று நினைத்தாலும் மனம் நிறைகிறது.

இனி அந்தக் காவலர்கள். ரிச்சர்ட் மோல் ஆறடி எட்டங்குல உயரம். ஓர் அறிவியல் புனைவுப் படத்துக்காகத் தலையை மழித்திருந்த நேரத்தில் இந்தத் தொடருக்கான தேர்வுக்கு வந்தார். தயாரிப்பாளர்களுக்கு அந்த மொட்டைத் தலை பிடித்துப்போக, அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்தால் மிரள வைக்கும் அந்த உருவத்துக்குள் ஒரு குழந்தையை வைத்ததுதான் புல் ஷானன் பாத்திரம். அவர் பக்கத்தில் முதல் இரண்டு சீசன்களில் நின்றவர் செல்மா டயமண்ட்: அறுபது வயது கடந்த, குட்டையான, கரகரத்த குரலோடு பேசும் பெண்மணி. வானொலிக் காலத்திலிருந்தே பெரிய நகைச்சுவைக் கலைஞர்களுக்கு எழுதிக்கொடுத்தவர். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த எழுத்தாளர் அறைகளில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து வேலை செய்தவர். அவருக்குத் தரப்படும் வசனங்கள் பெரும்பாலும் ஒற்றை வரிதான். அந்த வரியை அவர் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல், யாரையும் பார்க்காமல், உலகத்தின்மீது நெடுநாளாக வைத்திருந்த ஒரு புகாரைப் போலச் சொல்வார். அரங்கம் அதிரும், அவர் அப்படியே நிற்பார், பக்கத்தில் புல் அவரைத் தாயைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். இருவரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தியதே பாதி நகைச்சுவை, மீதிப் பாதி பாசம்.

செல்மா டயமண்ட் 1985 மே மாதம் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். நகைச்சுவைத் தொடர்களில் ஒரு நடிகர் மறைந்தால், பாத்திரத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டுக் கதையை நடத்திக்கொண்டு போவது எளிய வழி. வீஜ் அதைச் செய்யவில்லை. மூன்றாம் சீசன் செல்மாவின் மரணத்தோடுதான் தொடங்கியது. அந்த இழப்பைத் தாங்க முடியாமல் தவிப்பவராகப் புல்லை முன்னால் கொண்டுவந்தார்கள். அதுவரை சிரிப்புக்காகவே பயன்பட்ட அந்தப் பெரிய உடம்பு துக்கத்தில் எப்படிக் கூனிப்போகும் என்பதை மோல் காட்டினார். செல்மாவின் இடத்துக்கு ஃப்ளாரன்ஸ் ஹாலப் வந்தார். அவரும் வானொலியில் புகழ்பெற்றவர், 'செயிண்ட் எல்ஸ்வேர்' தொடரில் ஓயாமல் குறைசொல்லும் நோயாளியாக நடித்து அப்போது மீண்டும் கவனம் பெற்றிருந்தவர். ஓராண்டுதான். 1986 ஜூலையில் அவரும் அதே நோயால் இறந்தார்.

ஒரே பணியிடத்தில் இருந்த இருவரை அடுத்தடுத்த கோடைகளில் இழந்த ஒரு குழு, மறுபடியும் கூடி, பார்வையாளர்களைச் சிரிக்கவைக்க வேண்டியிருந்தது. மூன்றாவதாக வந்தவர் மார்ஷா வார்ஃபீல்ட். சிகாகோவிலிருந்து வந்த மேடை நகைச்சுவைக் கலைஞர். 1977இல் ரிச்சர்ட் பிரையரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பங்கேற்றவர். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். முந்தைய இருவரின் சாயலில் இன்னொரு முதிய பெண்மணியைத் தேடாமல், முற்றிலும் வேறான ஒருவரை அமர்த்தியது சரியான முடிவு. ராஸ் ரஸ்ஸல் யாரிடமும் கெஞ்சமாட்டார், யாருக்கும் தாயாக மாட்டார். அவர் முறைத்தால் டான் ஃபீல்டிங்கின் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் புல்லோடு அவருக்கு உருவான தோழமை மெதுவாக, பல அத்தியாயங்களுக்குப் பரவி வளர்ந்தது. இறந்தவர்களின் இடத்தை நிரப்ப முயலாமல், அந்த இடத்துக்குப் பக்கத்தில் தனக்கென்று ஓரிடத்தை அவர் அமைத்துக்கொண்டார்.

டான் ஃபீல்டிங்கைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கடுமையாகவும் பேச வேண்டும். ஜான் லாரொக்கெட் 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சிறந்த துணை நடிகருக்கான எம்மி விருதைப் பெற்றார். அதன்பின் தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று தானே விலகிக்கொண்டார். முதல் சீசனில் விறைப்பான ஓர் அதிகாரியாக மட்டும் இருந்த பாத்திரத்தை, காமமும் பேராசையும் தன்னலமும் பிடித்தாட்டும் ஒருவனாக அவரும் எழுத்தாளர்களும் சேர்ந்து வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் வெடித்துச் சிரித்த வசனங்களில் கணிசமானவற்றை இன்று கேட்க முடியவில்லை. பெண்களைத் துரத்துவதே வேலையாகக் கொண்ட ஒருவன், அதிகாரத்தில் இருந்துகொண்டு அதைச் செய்வதை, வெறும் குறும்பாகக் கடந்துபோகும் காட்சிகள் பல இருக்கின்றன. பாலியல் தொழில் செய்யும் பெண்களை வழக்கின் விவரம் தெரியாமலே கேலிப்பொருளாக நிறுத்தும் காட்சிகளும் உண்டு. காலத்தின் பெயரைச் சொல்லி அவற்றை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை.

அப்படியிருந்தும் லாரொக்கெட்டின் நடிப்பை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம், டானின் ஆசைகள் ஒவ்வொன்றும் தோற்பதை அவர் காட்டும் விதம். கச்சிதமாகத் தைத்த கோட்டு, சீவிய தலை, நெஞ்சை நிமிர்த்திய நடை. அடுத்த நிமிடம் அந்தக் கோட்டின் கை கிழிந்து, தலை கலைந்து, குரல் கீச்சிடும். உயரமான உடலை அவர் மடக்குவதிலும் விரிப்பதிலும் ஊமைப்படக் காலத்துக் கலைஞர்களின் துல்லியம் இருக்கிறது. லாரொக்கெட் 1982இல் குடியிலிருந்து மீண்டவர். அதைப் பொதுவில் வெளிப்படையாகப் பேசியவர். தன்னைத் தானே வெறுக்கும் ஒருவன் அதை மறைக்க எவ்வளவு பளபளப்பாக உடுத்துவான் என்பதை அறிந்த ஒருவரின் நடிப்பாகவே எனக்கு டான் படுகிறான்.

நான்காம், ஐந்தாம் சீசன்கள்தான் உச்சம். வியாழக்கிழமை இரவுகளில் 'தி காஸ்பி ஷோ', 'சியர்ஸ்' போன்ற தொடர்களின் வரிசைக்குப் பின்னால் ஒளிபரப்பானது பார்வையாளர்களைச் சேர்த்தது உண்மைதான்; ஆனால் தங்கியிருக்க வைத்தது அந்த ஆறு பேரின் இசைவு. நள்ளிரவுக்குள் மலைபோலக் குவிந்த வழக்குகளை முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் அமைத்த அத்தியாயங்களில் அந்த இசைவைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆட்கள் ஓடிவருகிறார்கள், குற்றச்சாட்டு, மறுப்பு, அபராதம், அடுத்தவர். ஒருவர் வசனத்தின் வால் அடங்குவதற்குள் இன்னொருவர் தொடங்குகிறார், ஆனால் ஒரு சொல்கூடத் தொலைவதில்லை. இதற்கிடையே பிரெண்ட் ஸ்பைனர் போன்ற விருந்தினர்களும் உண்டு. துரதிருஷ்டமே தொழிலான வீலர் குடும்பத்தின் தலைவராக அவர் வந்து நிற்பது, 1987இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் டேட்டா என்ற பாத்திரமாக அவர் புகழ் பெறுவதற்கு முந்தைய காலம்.

வீஜ் ஆறாம் சீசனோடு விலகினார். அதன்பின் தொடர் சத்தமாக ஆனது. கேலிச்சித்திரக் குணம் மிகுந்து, ஓர் அத்தியாயத்தில் கார்ட்டூன் ஓநாயான வைலி கொயோட்டியே குற்றவாளியாக வந்து நின்றது. கடைசி அத்தியாயத்தில் கிறிஸ்டீன் காங்கிரஸ் உறுப்பினராகிறார். டான் வேலையை உதறிவிட்டு அவர் பின்னால் போகிறார். புல்லை வியாழன் கோளிலிருந்து வந்தவர்கள் கூட்டிச்செல்கிறார்கள். ஹாரி மட்டும் வந்த வாய்ப்புகளை எல்லாம் விட்டுவிட்டு அதே நாற்காலியில் இருக்கத் தீர்மானிக்கிறார். வியாழன் கோள் விஷயம் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஹாரியின் முடிவு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

2018 ஏப்ரலில் ஹாரி ஆண்டர்சன் காலமானார். சார்லஸ் ராபின்சனும் மார்க்கி போஸ்டும் 2021இல், ஒரு மாத இடைவெளிக்குள் மறைந்தார்கள். 2023 ஜனவரியில் என்பிசி தொடரை மீண்டும் தொடங்கியபோது, ஹாரியின் மகள் ஆபி ஸ்டோனாக மெலிசா ரவுச் அந்த நாற்காலியில் அமர்ந்தார். பழைய ஆறு பேரில் லாரொக்கெட் மட்டும் நிரந்தரமாகத் திரும்பினார், இம்முறை எதிர்த்தரப்பு மேசையில். யாரைச் சிறைக்கு அனுப்பலாம் என்று காலமெல்லாம் பார்த்திருந்த டான், முதுமையில் ஏழைகளுக்காக வாதாட நிற்கிறார். முதல் சீசனின் முடிவில் மார்ஷா வார்ஃபீல்ட் ராஸாக வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ரிச்சர்ட் மோலும் மறைந்தார். புதிய தொடர் மூன்று சீசன்களோடு 2025இல் நின்றது.

பழைய தொடரைப் பார்க்க விரும்புகிறவர்களிடம், முதல் மூன்று சீசன்களைத் தாண்டிவிட்டு நான்கிலிருந்து தொடங்கும்படி பலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பவுலா கெல்லியின் நிதானம், செல்மா டயமண்டின் ஒற்றை வரிகள், ஃப்ளாரன்ஸ் ஹாலப்பின் சிடுசிடுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவர்களைப் பார்க்காதவருக்கு, மார்ஷா வார்ஃபீல்ட் எந்த இடத்தில் வந்து நிற்கிறார் என்பதும், புல் ஏன் அவரிடம் முதலில் அவ்வளவு தயங்குகிறார் என்பதும் பிடிபடாது. முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள்.